பட்டதாரி அல்ல என்பதற்கு ஒரு வாக்குமூலம்

இந்த ஆண்டு நம் துறையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஊழியர் சங்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். பட்டா மாறுதல், நில அளவை இவற்றைப் பற்றியெல்லாம் எழுத என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்துவிட்டு, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று, இப்போது கன்னிவாடியில் இருக்கிறேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் கொடைக்கானல் தாலுகா அலுவலகம். அங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவுமா என்று தெரியாது. எனக்கு உதவியது.

கல்லூரிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது, ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்கிறது என்று பத்திரிகையில் வருகிறது. மலைமேல் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த அரசு போய்ச் சேர்வது உங்கள் மேசையின் வழியாகத்தான். வருமானச் சான்று இல்லையென்றால் காப்பீட்டு அட்டை இல்லை. முதல் பட்டதாரிச் சான்று இல்லையென்றால் கட்டணச் சலுகை இல்லை. உங்கள் திரையில் ஏற்க ஒரு பொத்தான், நிராகரிக்க ஒரு பொத்தான். புதிதில் இரண்டையும் அழுத்தக் கை தயங்கும். போகப் போகத் தயங்காது. தயக்கம் விட்டுப்போன காலத்தில்தான் நான் இந்தத் தவறைச் செய்தேன்.

முதல் பட்டதாரிச் சான்றின் விதி உங்களுக்குத் தெரியும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் இந்த விண்ணப்பங்கள் குவியும். அப்படி ஒரு ஆகஸ்டில், பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து தர்ஷினி என்ற பெண்ணின் விண்ணப்பம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா கருப்பசாமி, சொந்த ஜீப் ஓட்டுபவர். அம்மா யோகராணி. கிராம நிர்வாக அலுவலர் பாலமுருகன் ‘வழங்கலாம்’ என்று பரிந்துரைத்திருந்தார்.

அம்மாவின் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பண்ணைக்காட்டில் மனு வாங்கும் முகாம் நடத்தினோம். ஒரு ஓரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. எந்த மனுவை எந்தத் துறைக்கு எழுத வேண்டும் என்பதில்கூட ஒரு பிழை இல்லை. யார் இவர் என்று கேட்டேன். “பி.ஏ. டீச்சருங்க, எங்க பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்குறாங்க” என்றார்கள் நாலைந்து பேர். நானே அவரிடம் போய், “பி.ஏ. படிச்சிட்டு வேலைக்கு ஏன் முயற்சி பண்ணலை?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அடுத்த மனுவை எழுதத் தொடங்கிவிட்டார்.

பாலமுருகனுக்குப் போன் செய்தேன்.

“தம்பி, இந்தத் தர்ஷினியோட அம்மா பி.ஏ.ன்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?”

“ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க மேடம். ஆனா உறுதிமொழியில அவங்களே பட்டம் வாங்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அப்ப பொய் சொல்றாங்க. நீயும் அதைப் பாத்துட்டு அப்படியே அனுப்பிட்டே. நாளைக்கு ஆடிட்ல வந்தா யாரு பதில் சொல்றது?”

“சரிங்க மேடம்” என்றார்.

நிராகரித்தேன். காரணம் எழுதும் இடத்தில், ‘உள்ளூர் விசாரணையில் தாய் பட்டதாரி எனத் தெரிய வருகிறது’ என்று எழுதினேன். அப்படி ஒரு விசாரணை நடக்கவே இல்லை. என் ஞாபகத்துக்குத்தான் விசாரணை என்று பெயர் வைத்தேன். உண்மையில் அன்று எனக்கு ஒரு பெருமை. இத்தனை பேரில் ஒரு முகத்தை நினைவு வைத்திருந்து அரசுப் பணத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கருப்பசாமி வந்தார். கைலியில் வாழைக்கறை. கொடைக்கானல் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லோடு கொண்டுவந்தவர் அப்படியே ஏறி வந்திருக்கிறார்.

“மேடம், செல்லுல மெசேஜ் வந்துச்சு. சர்ட்டிபிகேட் ரிஜெக்டுன்னு போட்டிருக்கு.”

“உங்க சம்சாரம் பட்டதாரிதானே?”

அந்தக் கவலையிலும் அவர் முகம் மலர்ந்தது. “ஆமாங்க. பி.ஏ. ஹிஸ்டரி. எங்க வகையறாவுல டிகிரி முடிச்ச மருமக அவ ஒருத்திதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வேலைக்குப் போகாத டிகிரி கணக்குல வராதுன்னு வீட்ல சொன்னா. வருங்களா?”

“வரும். வேலைக்குப் போனாலும் போகலைன்னாலும் பட்டம் பட்டம்தான்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். “சட்டம் அப்படின்னா நாம பொய் எழுத முடியாதுல்ல” என்றார். “ஜீப்பைக் குடுத்துட்டுப் பாத்துக்கறேன். பிள்ளைக்கு சீட்டு கெடைச்சும் வீட்ல உக்காந்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜுல போயி நிக்கணுமாம்.”

கும்பிட்டுவிட்டுப் போனார். நேர்மையான மனிதர் என்று நினைத்தேன். அவரே ஒப்புக்கொண்டதால் என் முடிவு சரி என்று இன்னும் உறுதியானது. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். தவறான முடிவுக்கும் சாட்சி கிடைக்கும். நல்லவர்களே வந்து சாட்சி சொல்வார்கள்.

மறுநாள் புதன்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல். அலுவலகத்துக்குள்ளேயே மேகம் வந்து நிற்கும் நாள். பதினொரு மணி வாக்கில் யோகராணி வந்தார். பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். என் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர், உதவியாளர்கள் டீ குடிக்கப் போகும்வரை உள்ளே வரவில்லை.

“அம்மா, உங்ககிட்ட தனியாக் கதைக்கணும்.”

அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி இந்த மலைக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அந்த ஊர்ப் பேச்சு இவரிடமும் ஒன்றிரண்டு சொல்லாக ஒட்டியிருந்தது.

உட்காரச் சொன்னேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று மதிப்பெண் பட்டியல்களை எடுத்து என் முன்னால் வைத்தார். அஞ்சல் வழிப் பி.ஏ. முதல் வருடம் எல்லாம் தேர்ச்சி. இரண்டாம் வருடமும் அப்படியே, நல்ல மதிப்பெண்கள். மூன்றாம் வருடத்துப் பட்டியலில் ஒரு வரியில் மதிப்பெண் இல்லை. ‘வரவில்லை’ என்று இருந்தது.

“ஒரு பேப்பர் நான் எழுதலைங்க. நான் பி.ஏ. இல்லைங்க.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பட்டியலில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் எழுதலை?”

“அன்னிக்கு வெள்ளனே எங்கப்பாவுக்கு வயித்துவலி. குடல் ஓட்டைன்னாங்க. கீழ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அப்ப இந்தக் காப்பீட்டு அட்டையெல்லாம் ஏதுங்க. பணம் கட்டினாத்தான் தியேட்டருக்குள்ள எடுப்போம்னாங்க. பரீட்சைக்குப் போற நேரத்துல நான் கம்மலைக் கழட்டிக்கிட்டு அடகுக் கடையில நின்னேன்.”

“அப்பா?”

“பொழைச்சாரு. அடுத்த தடவை எழுதிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பொண்ணு பாக்க வந்துட்டாங்க. பி.ஏ. முடிச்சிருக்கான்னு எங்கப்பா சொன்னாரு. அவரு பொய் சொல்லலைங்க. மூணு வருசம் முடிஞ்சிருச்சு, அதைத்தான் சொன்னாரு. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். திருத்தலை. அன்னிக்குத் திருத்தாதது, அப்புறம் எப்பத் திருத்துறதுன்னு வெளங்கலை.”

“உங்க வீட்டுக்காரருக்கு?”

“தெரியாதுங்க. மகளுக்கும் தெரியாது. இருவது வருசமா அவரு போற வர்ற சவாரிக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நேத்து வந்து, ஜீப்பை விலை பேசிட்டேன்னாரு. அதான் வந்தேன்.”

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயம்தான் வந்தது. பழைய பட்டியல் இது. அதன்பிறகு அந்தப் பேப்பரை எழுதித் தேறியிருந்தால்? இன்று நான் சான்று கொடுத்து, நாளை ஒரு மொட்டைக் கடிதம் வந்தால்? பட்டம் வாங்கியதைக் காட்ட ஒரு தாள் போதும். வாங்கவில்லை என்பதை எந்தத் தாள் காட்டும்?

பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிப் பிரிவுக்குப் போன் செய்தேன். எழுத்துப்பூர்வமாகக் கடிதம் அனுப்பினால் பதிவேட்டைப் பார்த்துப் பதில் தருவோம், பத்து நாளாகும் என்றார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு நாள்.

பாதுகாப்பான வழி ஒன்று இருந்தது. மறு விண்ணப்பம் வாங்கி, கிராமத்தில் அக்கம்பக்கத்தவரிடம் வாக்குமூலம் வாங்கச் சொல்லிக் கீழே அனுப்பலாம். விதிப்படி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் யோசித்தேன். பண்ணைக்காட்டில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் என்ன சொல்வார்கள்? பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். முறைப்படி நடந்த, பத்துக் கையெழுத்துள்ள, முழுக்கத் தவறான ஒரு விசாரணை என் கோப்பில் இருக்கும். அதோடு அந்த அம்மாளின் வீட்டு விஷயம் தெருவுக்கும் வந்திருக்கும்.

மூன்று பட்டியல்களையும் மறுபடி பார்த்தேன். உண்மையில் பட்டம் பெற்ற ஒருவர், புருஷனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை மலையேறி வந்து முன்பின் பழக்கமில்லாத ஓர் அதிகாரியிடம் சொல்வாரா? சான்றுக்காகச் சொல்லலாம்தான். அப்படிச் செய்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் காகிதத்தைவிட அதிகம் பேசுவார்கள். இவர் பேசியது கம்மி.

முடிவு செய்தேன். அவர் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும். பட்டம் பெறவில்லை, பின்னால் பெற்றிருந்தது தெரியவந்தால் சலுகைத் தொகை முழுவதையும் திரும்பச் செலுத்துவேன் என்று. பட்டியல்களின் நகல் அதோடு சேரும். பல்கலைக்கழகத்துக்கும் அன்றே கடிதம் போகும். பதில் வரும்வரை காத்திருக்காமல் சான்று வழங்கப்படும். வட்டாட்சியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “நிராகரிச்சதும் நீங்க. உங்களுக்குத் திருப்தின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று மட்டும் சொன்னார். ஆக, பொறுப்பு என்னிடமே திரும்பி வந்தது.

வாக்குமூலத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். “எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரைப் போடச் சொல்றேன். அவங்களுக்கு உங்களைத் தெரியாது” என்றேன்.

“வீட்டுக்காரருக்குத் தெரியாமப் போயிருங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். “நான் சொல்ல மாட்டேன்” என்றேன். “ஆனா இது அரசாங்கக் கோப்பு. யார் வேணும்னாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். என்னிக்கும் தெரியாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது.”

அவர் எழுதி முடித்த தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகாமில் நான் பார்த்த அதே கையெழுத்து.

“அப்ப ஒரு சாட்சி அவராவே இருக்கட்டும்” என்றார். “லோடு எறக்கிட்டு மார்க்கெட்லதான் நிப்பாரு. கூப்பிடுறேன்.”

இப்போதே வேண்டுமா, வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்டேன். “வீட்ல சொல்ல இருவது வருசம் இருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் கருப்பசாமி நனைந்துகொண்டு வந்தார். மனைவியை அங்கே பார்த்ததும், “நீ எப்ப வந்த?” என்றார். யோகராணி அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“எந்தப் பேப்பரு?” என்றார்.

“கடைசிப் பேப்பர். அப்பாவுக்கு ஆபரேசன் நடந்த அன்னிக்கு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீங்க அம்புட்டு ஆசையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, மேகத்தில் ஒன்றும் தெரியாத சாலையைப் பார்த்து நின்றார். போய்விடுவார் என்றே நினைத்தேன். நான் ஏதாவது சொல்ல எழுந்தபோது யோகராணி, “இருக்கட்டும்மா, வருவாரு” என்றார். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தார். மனைவியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, “எங்க போடணும் மேடம்?” என்றார். காட்டினேன். கையெழுத்துப் போட்டார். இரண்டாம் சாட்சியாக எங்கள் அலுவலக உதவியாளர் போட்டார்.

இருவரும் ஒன்றாகத்தான் வெளியே போனார்கள். குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவர் பிடித்திருந்தார், ஆனால் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. மலையிறங்கும்போது ஜீப்பில் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது.

அவர்கள் போனபின் எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. என் பழைய உத்தரவை ரத்து செய்து குறிப்பு எழுத வேண்டும். ‘புதிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டதால்’ என்று எழுதினால் போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எதிரே அந்த அம்மாள் உட்கார்ந்து எழுதிய நாற்காலி காலியாக இருந்தது. அடித்துவிட்டு, ‘விசாரணை செய்யாமல், நேரில் கேட்காமல் நிராகரித்தது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அந்தக் குறிப்பை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. மாலைக்குள் சான்று வெளியானது. பத்து நாள் என்றது ஒரு மாதமாகி, பல்கலைக்கழகத்திலிருந்தும் பட்டம் வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது.

சான்று வெளியான அன்று சாயங்காலமே பாலமுருகனுக்குப் போன் செய்தேன்.

“தம்பி, அந்த அம்மா ஒரு பேப்பர் எழுதலைங்கிறது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் மேடம். மார்க் ஷீட்டெல்லாம் எங்கிட்டயும் காட்டினாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.”

“நான் திட்டினப்ப ஏன் சொல்லலை?”

“நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கலையே மேடம். பொய் சொல்றாங்கன்னு சொன்னீங்க.”

அவர் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. ஒரு மனுஷியின் மானத்துக்காகத் திட்டு வாங்கிக்கொண்டார், அது பெரிது. ஆனால் ‘மதிப்பெண் பட்டியல்கள் பார்வையிடப்பட்டன’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு குடும்பம் ஜீப்பை விலை பேசியிருக்காது. ரகசியத்தைக் காப்பதும் பார்த்ததைப் பதிவு செய்வதும் சேர்ந்தே நடக்க முடியும். இதை அவரிடமும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். மேலதிகாரி தவறாகப் பேசும்போது ‘சரிங்க மேடம்’ என்று நீங்கள் போனை வைத்துவிட்டால், இழப்பு உங்களுக்கு இல்லை. உங்களுக்குக் கீழே காத்திருப்பவருக்கு.

தர்ஷினி வெள்ளிக்கிழமையே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஜீப் விற்கப்படவில்லை. அவள் படிப்பை முடித்து கோயம்புத்தூரிலேயே வேலையில் இருக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஊரில் விஷயம் எப்படிப் பரவியது, பரவியதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருக்க வேண்டிய இடமும் உண்டு.

போன மாதம் ஓய்வூதிய நேர்காணலுக்காகத் திண்டுக்கல் கருவூலத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரி. வாசலில் வேப்பமர நிழலில் ஒரு ஜீப் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கருப்பசாமி. தலை நன்றாக நரைத்துவிட்டது. பக்கத்தில் யோகராணி, மடியில் புத்தகம், கையில் ஹால் டிக்கெட்.

என்னை அடையாளம் கண்டு கருப்பசாமி இறங்கி வந்தார். பழைய படிப்புக்கான கெடு எப்போதோ போய்விட்டதாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்திலிருந்து மறுபடி சேர்ந்திருக்கிறார் யோகராணி.

“பிள்ளை படிப்பு முடியட்டும்னு இருந்தா மேடம். நடுவுல இவ பாஸாகி, அவ சலுகைக்கு ஏதும் வம்பு வந்துரக் கூடாதுன்னு. அவ முடிச்ச மறு மாசமே அப்ளிகேசன் போட்டுட்டா. இன்னிக்கு மூணாம் வருசப் பரீட்சை.”

அப்படி வம்பு வந்திருக்குமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன். யோகராணி கேட்காமலேயே நாலு வருடம் காத்திருந்திருக்கிறார்.

நான் ஜீப்பை நோக்கி நடந்தேன். என்ன பாடம், எப்படிப் படிக்கிறீர்கள், டியூசன் இன்னும் எடுக்கிறீர்களா என்று கேட்க நிறைய இருந்தது. கருப்பசாமி ஓரடி முன்னால் வந்து, மரியாதையாக, ஆனால் வழியை மறித்தாற்போல நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். இன்னும் கால் மணி நேரந்தான் இருக்கு, படிச்சிக்கிட்டு இருக்கா. முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் பேசுங்க.”

சரி என்றேன். இருவரும் மரத்தடியில் நின்றுகொண்டோம்.